இரட்டைத் துணித் திரை

தையல்கார அத்தை யாரையும் லேசில் நம்ப மாட்டாள். பழைய ஆட்சியில் மைதானத்தில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கித்தான் வாக்களிக்க வேண்டும். தூக்காமல் நின்ற எங்கள் பெரியப்பா வீடு திரும்பவேயில்லை.

அந்த ஆட்சி கவிழ்ந்து முதல் ரகசிய வாக்கெடுப்பு வந்தபோது, வாக்குச்சாவடி மறைப்புக்குத் திரை தைக்கும் வேலை அத்தைக்குக் கிடைத்தது. அதிகாரிகள் கொடுத்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கை அசையறது நிழலாத் தெரியுதே! இவனுங்களுக்குப் பழைய புத்தி இன்னும் போகல” என்று பொரிந்துவிட்டு, உள்ளே இன்னொரு கெட்டித் துணி வைத்துத் தைத்தாள்.

வாக்களித்துவிட்டு வீடு வந்ததும் மாமா குழைந்தார். “எங்கிட்ட மட்டும் சொல்லேன், யாருக்குப் போட்டே?”

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முதல் துணி அதிகாரிங்களுக்காக. ரெண்டாவது துணி உங்களுக்காகத்தான் வச்சுத் தைச்சேன்.”