சிரில் அண்ணனின் கல்லறை பிளாக்

கல்லறையைப் பத்தி எவன் படிப்பான்? இதைத்தான் நான் சிரில் அண்ணன்கிட்ட முதல்ல கேட்டேன். மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அவரு சிரிச்சிக்கிட்டே போனை நீட்டி, "நீ படிக்கிறல்ல?"ன்னாரு.

படிச்சேன்தான். மலேசியாவுல, பீடோங் பக்கம் கத்தோலிக்கக் கல்லறை கேட்டுக்கு எதிர்ல நான் பூவும் மெழுகுவர்த்தியும் விக்கிறேன். பேரு காஞ்சனா. கும்புடுறது மாரியம்மன, பொழப்பு மாதாகோயில் ஆளுங்களோட. சிரில் அண்ணன் சின்ன வயசுல செமிலிங் தோட்டத்துல பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவரு, அப்புறம் கையுறை ஃபேக்டரி. அதையும் மூடிட்டானுங்க. அம்பத்தி நாலு வயசுல பிரஷ்ஷும் வாளியுமா கல்லறை கழுவி, அழிஞ்சிபோன எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சாரு.

நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதுக்கு முந்தின மாசந்தான் அவருக்கு வேலை. போன அக்டோபர்ல போதுமான வேலை வரலன்னா, மச்சான் கூப்பிடுற சிங்கப்பூருக்குப் போயிடணும்னு வீட்டுல முடிவாயிடுச்சி. அவருக்குப் போக இஷ்டமே இல்ல. பேப்பர்ல விளம்பரம் போடக் காசு வேணும். "இன்டர்நெட்ல பிளாக் எழுத ஒன்னும் வேணாம்லா, போன்ல தட்டுனா போச்சி"ன்னாரு.

"கல்லறை சுத்தம் செய்யப்படும்"னு எழுதுவாருன்னு பார்த்தா, அதெல்லாம் கடைசி ஒரு வரியில. மேல முழுக்க அன்னைக்குக் கண்ணுல பட்டது. ஒரு தாத்தா கல்லறையில பால் ஊத்தாத கோப்பி, பாக்கெட்டுல கட்டி ஸ்ட்ராவோட. யாரு வச்சிருப்பா? இன்னொன்னுல மூக்குக் கண்ணாடி, துடைச்சி மடிச்சி வச்சிருக்கு. எனக்கு மண்டை காஞ்சிடும். மறுநாள் ஆவலா போனைத் திறந்தா, மனுசன் வேற கல்லறைக்குப் போயிருப்பாரு! மெல்பர்ன்ல ஒரு அம்மா படிச்சாங்க, அலோர் ஸ்டார்ல ஒரு கிளார்க்கு படிச்சாரு. வேலைன்னு வந்தது நாலே நாலு.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். சிமிட்டியில ஒட்டியிருக்கிற பழைய மெழுகைச் சுரண்டும்போதே, இங்க ஆளு வருது, இங்க வரலன்னு சொல்லிடுவாரு. அப்படித்தான் மெழுகுத் தடமே இல்லாத ஒரு கல்லுல இறந்த வருசத்தப் பார்த்துட்டு ஒருநாள் எழுதிட்டாரு: "இந்தத் தாய்க்கு ஒன்பது வருசமாக ஒரு மெழுகுவர்த்தி இல்லை. பிள்ளைகள் எங்கே?" பேரு எழுதல. ஆனா கூடப் போட்ட கல்லறைப் படத்துல பளிச்சுன்னு தெரியுது, அந்தோணியம்மான்னு.

அது வாட்ஸப்புல பறந்துச்சி. ரெண்டே நாள்ல பதினோரு போனு. "அண்ணே, எங்க மாமியாரப் பத்தி எழுதிடாதீங்கலா, வந்து கழுவிடுங்க!" எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்பாடா, இனிமே சிங்கப்பூர் போக வேணாம்னு நினைச்சேன்.

மூணாம் நாள் ஒரு லோரி வந்து நின்னுச்சி. இறங்குனவரு கிறிஸ்டியன், அந்தோணியம்மா மகன். பாசாருக்கு, அதான் சந்தைக்கு, காய்கறி ஏத்துறவரு. வீடு நாலு தெரு தள்ளித்தான்.

"என்னாண்ணே நினைச்சிக்கிட்டிருக்கீங்க? நான் வரலன்னு யாரு சொன்னா? வருசா வருசம் வர்றேன்!"ன்னு கத்துனாரு. அப்புறம் லோரிக் கதவத் தொட்டாரு. "இந்த லோரியிலதான் அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியிலயே போயிட்டாங்க. இந்தக் கேட்டைத் தாண்டிக் கால் வர மாட்டேங்குது. பெரிய சிலுவைக்கிட்ட மெழுகுவர்த்திய ஏத்திட்டுத் திரும்பிடுறேன்."

கேட்டை ஒட்டி வெளிப்பக்கம் அந்தச் சிலுவை இருக்கு. வேற ஊருல புதைச்சவங்களுக்கு, புதைச்ச இடமே தெரியாதவங்களுக்கு அங்கதான் ஏத்துவாங்க. நூறு பேரு மெழுகும் ஒன்னா உருகிக் கிடக்கும். கிறிஸ்டியனுக்கு வருசா வருசம் ரெண்டு மெழுகுவர்த்தி வித்தவளே நான்தான். அந்தப் பதிவப் படிச்சப்போ எனக்குத் தோணலயே! வெக்கமாப் போச்சி.

சிரில் அண்ணன் அங்கேயே பதிவை அழிக்கப் போனாரு. நான் அவரைத் தனியா இழுத்து, "மன்னிப்பு கேட்டாப் போதும்ண்ணே, அழிச்சிட்டா வந்த வேலையும் போயிடும்"னேன். கேக்கல. அழிச்சாரு. "நான் நினைத்தது தப்பு, இனி யாரையும் இப்படி எழுத மாட்டேன்"னு பிளாக்ல போட்டாரு. அதோட விட்டாரா? பதினோரு பேருக்கும் போன் பண்ணி, பயந்துக்கிட்டுக் குடுத்த வேலைன்னா வேணாம்னுட்டாரு. ஒன்பது பேரு கழண்டுக்கிட்டாங்க, மிச்சம் ரெண்டே பேரு. எனக்கு வந்த கோபத்துல ஒரு வாரம் அவருகிட்ட முகம் குடுத்துப் பேசல.

திருநாள் அன்னைக்குச் சாயங்காலம் கிறிஸ்டியன் வந்தாரு. ரெண்டு மெழுகுவர்த்தி வாங்குனாரு. கேட்டுக்கிட்ட நின்னுட்டாரு. உள்ளருந்து சிரில் அண்ணன் வாளியோட வந்து பக்கத்துல நின்னாரு. எவ்வளவு நேரம் நின்னாங்களோ, எனக்கு வியாபாரமே ஓடல. அப்புறம் கிறிஸ்டியன் அந்த வாளிய வாங்கிக்கிட்டு உள்ள போனாரு. அம்மா கல்லறைய அவரே கழுவுனாரு. மெழுகுவர்த்திய ஏத்திட்டு, சிமிட்டி மேல கைய வச்சிக்கிட்டு அழுதாரு.

நானும் அழுதுட்டேன். "இதை எழுதுங்கண்ணே, ஊரே உங்களக் கூப்பிடும்"னேன்.

"கூப்பிடும்தான்"னாரு. போனை வெளிய எடுக்கவே இல்ல.

ஞாயித்துக்கிழமை சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிட்டாரு.