ஆறு றிவோல்வர்களும் ஓர் உருண்டைப் புளியும்

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். அப்படிப்பட்டவன் சுவிசுக்கு வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்கினால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? நன்றாகச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, ஏசினாள். "வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதையாக் கிடக்கு. உனக்கென்ன விசரோ?" அவள் அட்லிஸ்வில்லில் இருந்து தொலைபேசியில் ஏசினால் லாங்கன்தாலில் என் காது எரியும்.

அவளுக்கு எப்படி விளங்கவைப்பது? நான் வாங்கியவை சுடுகிற துவக்குகள் இல்லை. 1860களில் பெல்ஜியத்திலோ பிரான்சிலோ செய்த கிழட்டு றிவோல்வர்கள். அவற்றுக்குரிய குண்டின் விலாவில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அந்த ஊசியின் தலையில் அடித்தால்தான் வெடிக்கும். அப்படிக் குண்டுகளை இன்று எந்தக் கடைக்காரனும் விற்பதில்லை. இவற்றைவிடக் கடிக்கிற நாய் ஆபத்து.

முதலாவதை வாங்கியது ஒரு புறோக்கியில். புறோக்கி என்பது பழைய சாமான் கடை. செத்தவர்களின் வீட்டைத் துப்பரவாக்குகிறபோது மிஞ்சுவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். நான் இரும்புச் சட்டி வாங்கப் போனவன். கோப்பைகளுக்கும் சுவர் மணிக்கூடுகளுக்கும் நடுவில் அது கிடந்தது. கையில் எடுத்து உருளையைச் சுற்றிப் பார்த்தேன். படக், படக் என்று ஒவ்வொரு பல்லாக விழுந்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரத்தோடு மாரடிக்கிறவனுக்கு அந்தச் சத்தம் போதும். இதைச் செய்தவன் தன் வேலையைத் தெரிந்தவன் என்று பட்டது. சட்டியை மறந்துவிட்டேன்.

அப்போது எனக்குச் சுவிசின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்திருக்கவில்லை. இலங்கைக் குடியுரிமை உள்ளவன் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கக் கூடாது. பயந்துபோய்ப் பொலிஸ் நிலையத்துக்கே கேட்கப் போனேன். 1870க்கு முந்தியவை பழம்பொருள், வீட்டில் வைத்துக்கொள் என்றார் அங்கிருந்தவர். சட்டத்துக்கே வயசானதில் ஒரு மரியாதை. அதற்குப் பிறகு விட்டேனா? கொஞ்ச வருடங்களில் ஆறு சேர்ந்துவிட்டன. வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரி வாங்கி, உள்ளே சின்ன வெளிச்சமும் போட்டேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ பகிடி சொல்லித் தப்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், துவக்கும் ஒருநாள் கிழண்டுபோகும், அதற்கும் பல்லு விழும் என்பதைக் கண்ணால் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

இந்தச் சேகரிப்பில் ஒரு பெரிய சட்டம் உண்டு. மினுக்கக் கூடாது. நூற்றைம்பது வருடம் கைபட்டு, காற்றுப்பட்டு, இரும்பில் கபில நிறமாய் ஒரு தோல் படியும். பித்தளை கறுத்துத் தேன் நிறமாகும். அதைப் பட்டினா என்பார்கள். சேகரிக்கிறவனுக்கு உயிரே அதில்தான். அதை உரசி எடுத்துவிட்டால் சாமான் சாமான்தான், ஆனால் வரலாறு போய்விடும். ஒரு துளி எண்ணெய், ஒரு மெல்லிய துணி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

2009இல் சண்டை முடிந்த மாதங்களில் அந்த அலுமாரியின் பக்கம் நான் போகவில்லை. தொலைக்காட்சியும் தொலைபேசியுமாகக் கிடந்தோம் எல்லோரும். அதற்குப் பிறகு மூன்றாம் வருடம் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து ஆகப்போகிற நேரம். "இனி ஆர் உன்னைக் கட்டுவினம்" என்று அவளே சொல்லிச் சொல்லி, அவளே கட்டியும் வைத்தாள். பெண் வன்னியில் கடைசி நாள் வரைக்கும் இருந்தவள். பங்கருக்கு மேல் பங்கராகப் பதுங்குகுழி மாறி, பிறகு முகாமில் கிடந்து, தப்பி வந்தவள். கூடப் போன எல்லோரும் தப்பவில்லை. அதைப் பற்றி அவள் கதைக்கவில்லை. நானும் கிண்டவில்லை.

கலியாணத்துக்கு முதலே தொலைபேசியில் சொன்னேன். "வீட்டில கொஞ்சம் பழைய துவக்குகள் வைச்சிருக்கிறன். சுடேலாது. சும்மா பார்க்கிறதுக்கு."

"ஓம்" என்றாள்.

"பிடிக்காட்டிச் சொல்லு."

"ஓம், பரவாயில்லை."

எல்லாவற்றுக்கும் ஓம். குளிருக்கும் ஓம், என் சமையலுக்கும் ஓம். நான் வைத்த கத்தரிக்காய்க் கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள் என்றால் பாருங்கள். இங்கே வந்து மாதக்கணக்காகியும் வெளிநோயாளர் பிரிவில் இலக்கத்துக்குக் காத்திருக்கிறவள் போலத்தான் இருந்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கோபம் வராது. அழவும் மாட்டாள். வரவேற்பறை முழுக்கத் தூசி தட்டுவாள், அந்த அலுமாரியை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். என்னோடு இருப்பாளோ, இருந்தாலும் இருப்பதாக நினைப்பாளோ என்று எனக்குள்ளே ஒரு பயம் கிடந்து உருண்டது. அக்காவிடம் சொன்னால், "அடக்கமான பிள்ளை, அதுக்கும் குறையோ" என்பாள். அடக்கமாம்.

பிறகு பெப்ரவரி வந்தது. இங்கே ஒவ்வொரு பெப்ரவரியும் முதல் புதன்கிழமை பகல் நாடு முழுக்கச் சைரன் அடித்துப் பார்ப்பார்கள். சோதனைதான். இருபது வருடம் இருந்தவனுக்கு அது மாதாகோவில் மணி மாதிரி; காதில் விழாது. ஆகவே அவளுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை வேலை முடிந்து வந்தேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பாதி வெந்து நின்றது. அடுப்பை மட்டும் அணைத்திருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். கீழே ஓடினேன். எங்கள் கட்டிடத்தின் நிலவறையில், இங்கத்தைய வழக்கப்படி, கொங்கிறீட் கதவு போட்ட ஒரு பாதுகாப்பு அறை உண்டு. இப்போது பனிச்சறுக்குப் பலகையும் வைன் போத்தலும் வைக்கத்தான் அது. உடுப்புத் தோய்க்கிற இடத்தைக் காட்டப் போன முதல் கிழமை, "இதுதான் எங்கட வீட்டுப் பங்கர்" என்று நான் பகிடியாகச் சொல்லியிருந்தேன்.

அதற்குள்ளே, யாரோ வைத்த அப்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வெறுங்கால்.

"சத்தம் எப்பவோ நிண்டிட்டுது" என்றாள். "ஆனா வெளியில வாங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

நான் சோதனை என்று சொன்னேன். நாட்டில் சண்டை ஒன்றும் இல்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழும்பி, "சோறு பழுதாப் போச்சு. குறை நினைக்காதேங்கோ" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இவ்வளவையும் பார்த்து வந்த பிள்ளை தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் நான் வெளிச்சம் போட்டுத் துவக்குக் காட்டிக்கொண்டு இருக்கிறேனே, நான் என்ன மனுசன்? லோசானில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் இருந்தார், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பழைய ஆயுதச் சந்தைகளில் பார்க்கிற ஒவ்வொரு முறையும் என் ஆறையும் மொத்தமாகத் தா என்று தொல்லைப்படுத்துவார். அவருக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன். சனிக்கிழமையே வருகிறேன் என்றார் மனுசன்.

"உதுகளை விக்கப்போறன்" என்று அவளிடம் சொன்னேன்.

"ஏன்?"

"காணும். ஆசை விட்டுப்போச்சு."

என்னை ஒருக்கால் பார்த்தாள். ஆசை விட்டவன் முகம் அப்படியா இருந்திருக்கும்? வியாழன் பின்னேரம் ஒவ்வொன்றையும் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வைத்த பிறகு திறந்து பார்க்க மனம் வரவில்லை. பெட்டியை வீட்டு நடையில் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சேகரிப்பாளர் பத்தரை ரயிலில் வந்தார். நல்ல உடுப்பு, கையில் பூதக்கண்ணாடி, அவளுக்கு ஒரு பெட்டி சொக்கிலேட். அவள் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். முகத்தில் ஒரு சந்தோசம். அதுவரைக்கும் நான் காணாதது. என்னவோ ஏதோ என்று நானும் உசாராகப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

முதல் துவாயை அவர்தான் விரித்தார்.

ஐயோ! கார்த்திகை விளக்கீட்டுக்கு எடுத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. கபில நிறம் ஒரு பொட்டுக்கூட இல்லை. இரும்பு வெள்ளி வெளேரென்று. பித்தளை வளையம் கண்ணைக் குத்தியது. மரப்பிடியில் தேங்காயெண்ணெய் மணத்தது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. நூற்றைம்பது வருடத்தையும் ஓர் உருண்டைப் பழப்புளியும் உப்பும் ஒரே பகலில் தின்றுவிட்டன. உருளையின் பல்லிடுக்கில் புளித்தும்பு ஒன்று ஒட்டியிருந்தது.

அவர் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். செத்த வீட்டில் கேட்கிற குரலில், தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார், இதை யார் செய்தது என்று.

"நான்தான்" என்றேன்.

"நீயா? உனக்குத் தெரியாதா?"

"சும்மா ஒரு மாற்றத்துக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஆறையும் விரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பச் சுற்றினார். பற்றிஸ் மட்டும் இரண்டு சாப்பிட்டார், உறைப்பில் கண் கலங்கியது. அல்லது உறைப்பினால் இல்லையோ தெரியாது. வாசலில் என் தோளைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்தித் திரும்பினேன். அவள் மேசையடியில் நின்றாள்.

"ஏன் அவர் கொண்டுபோகேல்ல?"

"விலை சரிவரேல்ல."

"பொய். அவர் விலை கதைக்கவே இல்லை. என்ன நடந்தது, சொல்லுங்கோ."

மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் சொன்னேன், ஊத்தை என்று நினைத்துத் தேய்த்தது ஊத்தை இல்லை, அதுதான் அதன் மதிப்பு என்று. அவள் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறாள், தலை குனியப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப முதலே சொல்லுறதுக்கென்ன?" வீடே அதிர்ந்தது. "வாயுக்க என்ன கொழுக்கட்டையோ? சாமான் விக்கிறதெண்டா மினுக்கித்தான் குடுக்கிறது. ஊத்தையோட குடுத்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? நேற்று விடிய நீங்கள் வேலைக்குப் போன நேரம் துவங்கினனான். விரல் எல்லாம் எரியுது, பாருங்கோ!"

கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நீ உதுகளைத் தொடவே மாட்டாயே" என்றேன். "பயம் எண்டுதானே விக்கப் பாத்தனான்."

"பயம்தான். முதலாவதைத் துவாயோடதான் தூக்கினனான். உங்கட முகத்தைப் பாக்கேலாமக் கிடந்துது. எனக்காகத்தான் விக்கிறியள், எனக்குத் தெரியாதே? விக்கிறதெண்டா நல்ல விலையாவது வரட்டும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு தண்ணிக்குள்ள போட்டன்." எரிகிற விரலை ஊதினாள். "புளித்தண்ணிக்குள்ள போட்டாப் பிறகு அதுவும் ஒரு சமையல் ஏனம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினை. சிரித்ததைக் கண்டதும் அவள் பிடித்துக்கொண்டாள். ஒன்றொன்றாக வந்தது. என் சப்பாத்து நாறுதாம். என் அக்கா ஒவ்வொரு நாளும் போன் எடுத்து விசாரணை வைக்கிறாவாம். நான் வைக்கிற கத்தரிக்காய்க் கறியை மனிசர் தின்னமாட்டினமாம். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். இவ்வளவு மாதமும் இதெல்லாம் எங்கே இருந்தது?

"அண்டைக்குச் சைரனுக்கும் அப்பிடித்தானே! ஒரு சொல்லுச் சொன்னீங்களோ? நான் தனியக் கிடந்தன். நீங்களும் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன். எல்லாரும் போன மாதிரி நீங்களும் போயிட்டீங்கள் எண்டு..."

அழுதாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான். சின்ன அழுகை இல்லை. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி வந்து கதவைத் தட்டுவாளோ என்று நினைக்கிற அளவு. தட்டினால் தட்டட்டும் என்று பக்கத்தில் போய் இருந்தேன். அவள் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு முன்னால் ஆறும் மின்னிக்கொண்டு கிடந்தன.

எவ்வளவு நேரமோ. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உதுகளை இனி ஒருத்தரும் வாங்கமாட்டினமோ?" என்றாள்.

"மாட்டினம்."

"அப்ப கிடக்கட்டும்."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதலாவது பொருள் அது.

எழும்பிப் போய்ப் போட்டேன்.