ஒரு லாரியும் ஒரு டைப் ரேட்டிங்கும்

ஒப்பந்தத்துக்கு விமானம் ஓட்டுகிறவரின் பிழைப்பு, சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று காத்திருக்கும் பிழைப்பு. நீங்கள் கெஸ்ட் லெக்சரராகவோ, முகூர்த்த மாதத்தில் மட்டும் கூப்பிடப்படும் போட்டோகிராபராகவோ இருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நம் கஷ்டம் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த ஏர்லைன்ஸை மூடிவிட்டார்கள். மரக்காணத்துக்குத் திரும்பி வந்து, இனிமேல் தனியார் ஜெட் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வகை ஜெட்டுக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. தேறினால் லைசென்ஸில் அந்த வகையின் பெயரை ஏற்றுவார்கள். அதற்குப் பெயர்தான் டைப் ரேட்டிங். உப்பு ஏற்றும் தன் இரண்டு லாரிகளில் ஒன்றை விற்றுத் தருவதாக அப்பா சொன்னார். ஒரு லாரிக்கு ஒரு ரேட்டிங்தான். தப்பான ஜெட்டை எடுத்தால் லாரியும் போய்விடும், வேலையும் கிடைக்காது.

லோயரா, ஹையரா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மா யாரிடமோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். டைப் ரேட்டிங், ஊர்க்காதில் டைப்ரைட்டிங் ஆகிவிட்டது. வேலை போன பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்காகத் தட்டச்சு படிக்கப் போகிறது என்று நாலே நாளில் உப்பளம் முழுக்கப் பேச்சு. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா, பிளேன் ஓட்டின கை என்று என் விரல்களைப் பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வானூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் தூரத்துப் பெரியப்பா வீடு தேடியே வந்துவிட்டார். காலை பேட்சில் எனக்காக ஒரு மெஷினை ஒதுக்கி வைத்திருக்கிறாராம். பத்து நிமிஷம் ஜெட்டைப் பற்றி விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா. மொதல்ல லோயர் முடி. ஹையர் அப்புறம் பாத்துக்கலாம்."

லீவு போடாத கேப்டன்

பழைய கம்பெனியில் எனக்கு சீனியராக இருந்த கேப்டன், இப்போது ஒரு தொழிலதிபரின் பெரிய ஜெட்டை ஓட்டுகிறார். எடுத்தால் இதை எடு என்று போனில் அரை மணி நேரம் அறிவுரை. சின்ன ஜெட் என்றால் பயணிகளின் மூட்டை முடிச்சைக்கூட பைலட்தான் தூக்கி வைக்க வேண்டும், மரியாதை இருக்காது என்றார். உப்பு மூட்டைக்கு நடுவில் வளர்ந்தவளிடம் மூட்டையைக் காட்டியா பயமுறுத்துவது? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கடைசியாக நீங்கள் எப்போது லீவு போட்டீர்கள், அன்றைக்கு வெளியிலிருந்து யாரைக் கூப்பிட்டார்கள்? அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "இங்க சம்பளத்துக்கே நாலு பேர் இருக்கோம்மா. நான் லீவு போட்டா உன்ன கூப்புட மாட்டாங்க, என்னத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

டயர்

சென்னை விமான நிலையத்தில் ஜெட்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில் எனக்குத் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். நான் போனபோது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மூக்கு முதல் வால் வரை மினுக்கிக்கொண்டு நின்ற பெரிய ஜெட்டை நான் வாய் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். ஓரமாக ஒரு சின்ன ஜெட். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, பெயின்ட்டும் மங்கல். இரண்டு பேர் அதற்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிப் போட்ட டயரைக் காலால் தட்டிக் காட்டினார்: "மினுக்கறத பாக்காதம்மா, டயர பாரு. எது தேஞ்சிருக்குதோ அதுக்குத்தான் ஆள் வேணும்."

அப்பா கேட்ட கேள்வி

சின்ன ஜெட்தான் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். கேப்டன் சிரித்தார். கூடப் படித்தவர்கள் போன் செய்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன் என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். அப்பாவிடம்தான் அந்த வீராப்பு செல்லவில்லை. போனில் ஜெட்டின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்: "ஏம்மா, இது என் லாரிய விட சின்னதா இருக்குதே?"

காபி

அப்படிக் கேட்டவர்தான் மறுவாரமே லாரியை விற்றுவிட்டு வந்தார். நான் சிமுலேட்டரில் பயிற்சி முடித்து, தேர்வில் தேறி, ரேட்டிங்கை வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. வாசலில் லாரி நின்ற இடத்தைப் பார்க்காமலே போய் வந்தேன். வெளியில் எவ்வளவு முறைப்பாக நடந்தாலும் உள்ளுக்குள் பயம்தான்.

ஒரு நாள் போன் வந்தது. ஒரு நூற்பாலை முதலாளியின் அதே வகைச் சின்ன ஜெட்டை ஓட்டும் துணை பைலட்டுக்குத் தங்கை கல்யாணம். ஓடினேன். நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி ஏறி உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு காபி கேட்டார். இந்த ஜெட்டில் காபி கிடையாது, கொடுக்க ஆளும் கிடையாது, நான் இதை ஓட்ட வந்தவள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்த ஜெட்டின் கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போன ஊரில் ஓடுபாதை குட்டை. முதலாளியோடு பேச வேண்டிய இன்னொருவர் பெரிய ஜெட்டில் கிளம்பி, இங்கே இறங்க முடியாமல் வேறு ஊரில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தார். அந்தச் செய்தியைப் போனில் கேட்டுக்கொண்டே படியிறங்கிய முதலாளி, பெட்டியை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார்: "அடுத்த வாரமும் நீங்களே வாங்க. காபி நான் கொண்டாந்துடறேன்."

எந்த ஜெட் உசத்தி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. எந்த பைலட் வீட்டில் அடுத்த கல்யாணம் என்று கேளுங்கள், முகூர்த்த நேரத்தோடு சொல்கிறேன்.