தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் பிறந்த பதினோராம் நாள் என்னை முறத்தில் கிடத்தி, வாசலுக்கு வந்த மீன்காரம்மாவிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். கருவாட்டுக் கூடையோடு கடற்கரையிலிருந்து வலங்கைமான் பக்கம் வருகிறவர் அவர். முறத்தைப் பிடித்து நின்றவர் என் சித்தப்பா. ஊரே பார்த்தது. "வளத்துக் குடு தாயி" என்று மீன்காரம்மா அப்போதே என்னை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாவை ஏமாற்ற எங்கள் பக்கம் செய்கிற ஏற்பாடு இது. பெற்றவள் வாயிலிருந்து மட்டும் "என் பிள்ளை" என்று வரக்கூடாது.

அம்மா எட்டு வருஷம் அதைக் காப்பாற்றினாள். தினமும் உச்சி வேளையில் எனக்குச் சோறு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நின்று, "இது மீன்காரம்மா புள்ள, எங்க புள்ள இல்ல" என்று சத்தமாகச் சொல்வாள். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அவள் பார்வை ஓர் ஆள் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்கும். எனக்கும் பாடம் சொல்லி வைத்திருந்தாள். வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சாவு மூன்று தடவை கூப்பிடாது. யார் பிள்ளை என்று கேட்டால் மீன்காரம்மா பிள்ளை.

எனக்கு எட்டு வயதில் அப்பா பாம்பு கடித்து இறந்தார். புது ஆட்சியில் குத்தகைக்காரர்களின் பேரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். மிராசுதார் மிரட்டியும் அசையாமல், தான் குத்தகைக்கு உழுத வயலுக்குத் தன் பேரை ஏற்றிவிட்டுத்தான் அப்பா போனார். நான் இருக்கும் இடத்துக்கு அந்த வயலும் வரும் என்று கணக்குப் போட்ட சித்தப்பா, என்னைத் தன் பொறுப்பில் விடச் சொல்லித் தஞ்சாவூர் கோர்ட்டில் மனுப் போட்டார். பெற்றவளே பிள்ளையை விற்றுவிட்டாள், ஊரே சாட்சி என்று எழுதியிருந்தார். முறம் பிடித்த அதே கையால் கையெழுத்து!

கோர்ட்டில் டவாலி அம்மாவின் பேரை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவதுக்குத்தான் அம்மா எழுந்தாள். நீதிபதி என்னை அருகே அழைத்தார். அதட்டாத மனிதர்.

"நீ யார் புள்ளம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வராண்டாவில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. அவள் பார்வை மட்டும் ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

"மீன்காரம்மா புள்ள" என்றேன்.

சித்தப்பாவின் வக்கீல் சிரித்தார். நீதிபதி அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, இது உங்க புள்ளதானா? ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலன்னா அவர்கிட்டதான் விடணும்."

அம்மா கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் புள்ள. நான் பெத்த புள்ள."

வராண்டாவில் யாரோ வெறுங்காலோடு நடந்து போகிற சத்தம் கேட்டது. டவாலியோ என்று பார்த்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

என்னை அம்மாவிடமே விட்டார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் எப்போது சாவேன் என்று நடுங்கிக்கொண்டே வந்தேன். அம்மா என் கையை விடவேயில்லை.

அதற்குப் பிறகு அவள் வாசலைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் யார் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், முதல் தடவையிலேயே "இதோ வரேன்" என்று எனக்கு முன்னால் போய் நிற்பாள். பள்ளித் தோழியானாலும் சரி, தபால்காரரானாலும் சரி. "உன்னயா கூப்புட்டாங்க?" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்ததே இல்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் உச்சி வேளையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாதவள், கட்டிலிலிருந்து கணீரென்று "இதோ வரேன்" என்றாள். எட்டிப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை.

"யாரும்மா?"

"உன் பேரத்தான் சொல்லிச்சு. நான் போயிக்கிறேன், நீ பதில் சொல்லாத."

பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவதற்குள் போய்விட்டாள்.