டிக்கியில் கிடந்த சின்னச் சக்கரம்

பஸ் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் முன்யோசனை. பிரேக் பிரிவில் முப்பது வருட ஃபிட்டர். வெயில் கொளுத்தும் நாளிலும் குடையோடு வருவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "அண்ணன் குளிக்கப் போனாகூட ரெண்டு சோப்பு எடுத்துட்டுப் போவாரு" என்று கூட வேலை பார்த்தவர்கள் ஓட்டுவார்கள். அவருக்குக் கோபம் வராது. அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவிக்கு மலை இறக்கம் என்றால் குலை நடுங்கும். அவள் அக்காவோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்த அக்கா. பார்க்காமல் எப்படி இருப்பது? இவர் காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து இறக்கம் முழுக்கக் காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவாள். அந்த இடத்தில் ரப்பர் மேட் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

அக்கா படுத்த படுக்கையானதும் அடிக்கடி போகவேண்டி வந்தது. முன்யோசனை ஒரு முடிவுக்கு வந்தார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில், பெரிய கார் ஒன்றின் முன் பிரேக் டிஸ்க்குகளை வாங்கினார். அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் ஒரு வேனிலிருந்து கழற்றியவை. லேத்தில் டிஸ்க்கின் நடுத்துளையைப் பெரிதாக்கி, இடையில் மாட்ட இரும்புத் துண்டு அறுத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமை உழைத்துத் தன் காரின் முன்பக்கம் பொருத்தினார். இவ்வளவு பெரிய பிரேக் பழைய சக்கரத்துக்குள் அடங்காது. அதனால் ஒரு சுற்றுப் பெரிய சக்கரங்கள் நான்கு வாங்கி மாட்டினார். பின்பக்க பிரேக்கில் கை வைக்கவில்லை.

"என்னங்க, வண்டி இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்குது" என்றாள் அவள், முதல் இறக்கத்தில். அவள் கால் மேட்டின் மேல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு காலையில் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா கண்ணு உங்களையே தேடுது. உடனே வாங்க."

மலை ஏற்றத்தில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், முன்சக்கரம் பஞ்சர் ஆனது. பத்தே நிமிடத்தில் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தார். அது பழைய, சின்னச் சக்கரம். பெரிய காலிப்பரில் இடித்துக்கொண்டு உட்காரமாட்டேன் என்றது. பணிமனையில் எல்லாச் சக்கரமும் ஒரே அளவு. எந்த ஸ்டெப்னியும் எங்கேயும் ஏறும். முப்பது வருடப் பழக்கம் அவர் காலை வாரிவிட்டது.

போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. மேலே போகும் வண்டி ஒன்றும் வரவில்லை. கீழே போன வேன்காரர் ஒருவர் டயர்கடைக்காரரை அனுப்புவதாகச் சொன்னார். அவர் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "பின்னாடி பழைய பிரேக்தானேண்ணே இருக்கு? இந்தச் சின்னத அங்க மாட்டிட்டு, பின்சக்கரத்த முன்னால போட்டிருந்தா கால் மணி நேரத்துல கெளம்பியிருக்கலாமே."

முன்யோசனை சட்டென்று திரும்பிப் பார்த்தார். மனைவி காருக்குள் சாலையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பக்க இறக்கத்தில் அவள் கால் மறுபடி ஓட்டை மேட்டை மிதித்துக்கொண்டே வந்தது. நிறுத்தச் சொல்லி அல்ல, இன்னும் வேகமாகப் போகச் சொல்லி.

போய்ச் சேர்ந்தபோது அக்கா உயிர் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. கையில் சூடு இன்னும் இருந்தது.

அதற்குப் பிறகு பணிமனையில் யாராவது முன்யோசனை என்று கூப்பிட்டால் அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது. இரண்டு மாதம் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அந்த ஆள் சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க."

"அப்பவே ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா, அதுக்கப்புறம் உங்களால வண்டி ஓட்ட முடிஞ்சிருக்குமா? அன்னிக்கு அக்காவப் பாக்கப் போயாகணும்ல."

சொல்லிவிட்டு, மடித்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்கா செத்த அன்றுகூட அவர் முன்னால் அவள் அப்படி அழவில்லை.