வடக்கே தலை வைத்த மேசை

இங்கே அயர்லாந்தில் மனிதர்கள் முன்பின் தெரியாத என்னிடம் முதுகை ஒப்படைத்துவிட்டு, சிகிச்சை மேசையின் தலைப்பக்க ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்ற விசாரணையே கிடையாது. வசதியாக இருக்கிறதா என்று கேட்டால் 'கிராண்ட்' என்பார்கள், நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்தாலும் கிராண்ட், வலித்தாலும் கிராண்ட். வந்த புதிதில் இதை நம்பித் தொலைத்தேன். இப்போது வாயை நம்புவதில்லை, கால்விரல்களைப் பார்க்கிறேன். விரல் மடங்கியிருந்தால் ஆள் பொய் சொல்கிறார்.

திருத்தணியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தபோது நிலைமை நேரெதிர். மேசை வந்து இறங்கியதும் ஜன்னல் வெளிச்சம் பார்த்துப் போட்டேன். முதல் ஆளாக அம்மையார்குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். மேசையைப் பார்த்தார், ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார், திரும்பவும் மேசையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வடக்கால தல வெச்சுப் படுக்கச் சொல்றியா?"

"கொஞ்ச நேரந்தாங்க்கா."

"ஆங், கொஞ்ச நேரம்! எம் மாமியாகூட எனக்கு இப்டி பாய் போட்டதில்லம்மா. வலிய வெச்சிகினே போயிடறேன், உடு."

போயே விட்டிருப்பார். நானும் அவருமாக மேசையை இழுத்துத் திருப்பிய பிறகுதான் படுத்தார். படுத்ததும் தூங்கிப்போனார். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து நானும் வடக்கே தலை வைத்ததில்லையே!

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த அறை குறுகலானது. மேசைக்கு ஒரு பக்கம் அலமாரி முட்டிக்கொண்டு நிற்கும், இறங்க மறுபக்கம்தான் வழி. தலைப்பக்கம் சாட்சாத் வடக்கு. போனில் திசைகாட்டி வைத்தே பார்த்துவிட்டேன், என்ன செய்ய! மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேலையில் என் சோதனைக் காலம் முடியும் வாரம் வந்தது. கிளினிக் உரிமையாளர் ஷிவோன் என்னை நிரந்தரமாக்கினால்தான் விசா நீளும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்லது நடக்க வேண்டிய வாரத்தில் இந்த வடக்கு எதற்கு என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை, யாரும் வருமுன் சக்கரப் பூட்டை எடுத்து மேசையைத் தலைமாற்றிப் போட்டேன். நின்றால் என் விரல்முட்டி தொடும் உயரத்துக்கு இறக்கி, கணுக்காலுக்கு உருளைத் தலையணை, துண்டு, போர்வை எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்தக் கிறுக்கு புரியும். அப்பாடா என்றிருந்தது.

முதலில் வந்தவர் மோரின். எழுபதைத் தாண்டியவர், வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர். கழுத்துக்குச் சிகிச்சை முடிந்ததும் நான் கைகழுவத் திரும்பினேன். அவர் எப்போதும் போல இடப்பக்கமாக எழுந்தார். மேசை திரும்பியதில் இடப்பக்கம் அலமாரியாகிவிட்டிருந்தது. கை அதில் இடிக்க, பதறி வலப்பக்கம் சாய்ந்து, அப்படியே சரிந்தார். மேசையைத் திருப்பும்போது நான் தள்ளி வைத்த படிப்பலகை அவர் காலுக்குக் கீழே இல்லை. பாய்ந்துபோய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். பாரம் முழுவதும் என் முதுகில் இறங்கியது. அந்த மாற்று மூட்டு கழன்றிருந்தால்?

"கிராண்ட்" என்றார் மோரின், வெளுத்துப்போன முகத்தோடு.

அன்று பகலிலேயே விஷயம் ஷிவோன் காதுக்குப் போய்விட்டது. மாலையில் அவர் வந்து கதவைச் சாத்தினார். மேசை ஏன் திரும்பியிருக்கிறது என்றார். வெளிச்சத்துக்காக என்றேன். நம்பவில்லை. பிறகு திசையைச் சொன்னேன்.

"படுப்பவர்கள் யாராவது கேட்டார்களா?"

"இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை."

அவர் மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே கையை விட்டு இடைவெளியை அளந்து பார்த்தார். எனக்கு எரிச்சல்கூட வந்தது. திட்டித் தொலைத்தாலாவது நிம்மதி. கடைசியில், "மோரின் அடுத்த முறையும் நீதான் வேண்டும் என்கிறார். யார் எந்தப் பக்கம் இறங்குவார்கள் என்று இனி முதலில் பார்" என்றார். கதவருகே போய்த் திரும்பி, "நிரந்தரம்தான். மேசையை மட்டும் பழையபடி போடு" என்றார். அழுதுவிட்டேன்.

மறுமுறை மோரின் வடக்கே தலை வைத்துப் படுத்தார். படிப்பலகையை இடப்பக்கம் சேர்த்து வைத்தேன். நான் அதன் பக்கத்திலேயே நின்றேன், அவர் குறட்டை விட்டார்.

எல்லோரும் போன பிறகு, அவரைத் தாங்கிய முதுகு விண்விண்ணென்று தெறித்தது. நானே மேசையில் ஏறினேன். வடக்கே தலை வைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. மாற்றிப் படுத்தேன். நாளெல்லாம் மற்றவர்கள் கால் நீட்டிய இடத்தில் என் தலை கிடந்தது, அவர்கள் முகம் வைக்கும் ஓட்டைக்குள் என் குதிகால் இறங்கியிருந்தது. எங்கள் ஊர்க்காரர் பார்த்தாலும், இந்த ஊர்க்காரர் பார்த்தாலும், முதலில் எழுந்திரு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் எழவில்லை.