அம்மா எழுத மறுத்த ராஜினாமா

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அம்மாவின் படத்தை உற்றுப் பார்த்தால் அவர் தோளில் நான்கு விரல்கள் தெரியும். அச்சுப் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சகக்காரர், "இத அழிச்சிடட்டுங்களா? பாக்க நல்லா இல்லையே" என்று கேட்டார். அம்மாவைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எந்தப் படத்திலும் தம்பி அவரைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பான். விரல்கள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். மறைந்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருப்பவர்களைப் பற்றி நான் அப்படி எந்த உறுதியும் கொடுக்கவில்லை.

அம்மா பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், எங்கள் மாமா. பத்தாவது முடித்த கையோடு, விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நான் பிறந்த பிறகு அம்மாவும் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை. அம்மா கை பட்ட பிள்ளையாரில் அச்சு சேர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். பி.எஃப். பிடிக்கிற வேலை அது. வீட்டில் இரண்டு சம்பளம் வந்தது. மனை வாங்கி வீட்டுக்குக் கடைக்காலும் போட்டாயிற்று. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். பட்டது கண் இல்லை, கிருமி.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் கிடந்தான். எங்காவது பயந்திருப்பான் என்று வேப்பிலை அடித்தார்கள். கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மூளைக் காய்ச்சல், நினைவு திரும்பினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டு அம்மா பஸ் ஏறி ஊருக்கு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினார்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். குறை உள்ளவர்கள் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதுபோல் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சாமியிடம் கட்டிவிட்டு வருவார்கள். அது பிராது. குறை தீர்ந்த பிறகு மறுபடி போய், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் ராஜினாமா. 'என் பிள்ளையை என்னிடம் திருப்பிக் கொடு' என்று அம்மா எழுதினார்.

தம்பி திரும்பி வந்தான். இரண்டு காதும் போயிருந்தது. வலது கால் இழுத்தது. பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு சொல் மிச்சமில்லை. வலிப்பு மட்டும் புதிதாகக் கூட வந்தது.

மாமா வந்து பார்த்தார். "புள்ள உசுரோட வந்துட்டான் இல்ல? போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடு. சாமி காரியத்த இழுத்து வைக்கக் கூடாது" என்றார்.

"நான் உசுர கேக்கலண்ண. புள்ளய கேட்டேன். பாதிதான் வந்திருக்கான். மீதியும் வரட்டும், எழுதுறேன்" என்றார் அம்மா.

நோய் மூன்று வாரத்தில் முடிந்தது. செலவு அம்மா சாகும்வரை முடியவில்லை. பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்த யாரும் இதைப் புரிந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு தீர்ந்தது என்று நினைத்தார்கள். முதலில் போனது அம்மாவின் வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அடுத்து, கடைக்கால் போட்ட மனை. பிறகு நகைகள், ஒவ்வொன்றாக. காலுக்குப் போடும் இரும்புக் கவசம், பிள்ளை வளர வளரச் சின்னதாகிக்கொண்டே போனது. கடன் வாங்கிப் போட்ட காது மிஷினை அவன் பிடுங்கி எறிந்தான். கேட்காத காதுக்குள் அது வெறும் குடைச்சல்தானே. வலிப்பு மாத்திரை மட்டும் ஒரு வேளை தவறக் கூடாது. கம்பெனியிலிருந்து பொம்மைகளை வீட்டுக்கு வாங்கி வந்து கண்ணும் புருவமும் தீட்டிக் கொடுத்து அம்மா அந்த மாத்திரையை வாங்கினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பான். கை ஆடினால் புருவம் கோணும். கோணிய பொம்மைக்குக் கூலி இல்லை.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் ஒரு காணி நிலம் பங்கு இருந்தது. அதை மாமாவே வாங்கிக்கொண்டார். "வெளியாளுக்குப் போவக் கூடாது பாரு" என்றார். கொடுத்த விலையை வெளியாள் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். சில வருடத்தில் அந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. இழப்பீட்டில் மாமா மாடி வீடு கட்டினார். மகள் கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று நடத்தினார். பத்திரிகை வைக்க வந்தபோது, "நீ வா. அவன கூட்டியாராத. கூட்டத்துல வலிப்பு கிலிப்பு வந்துட்டா சம்பந்தி வூட்டுல என்ன நெனப்பாங்க?" என்றார். அம்மா போகவில்லை. மொய் மட்டும் அனுப்பினார். அந்த மாதம் என் காலேஜ் ஃபீஸ் கட்டவில்லை. நான் டைல்ஸ் கடையில் பில் போடப் போனேன், இன்றும் போகிறேன்.

என்னைப் பெண் பார்க்க நல்லூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பொண்ணு புடிச்சிருக்குது. உங்களுக்கு அப்பறம் அந்தப் புள்ள யாரு பொறுப்பு? சீரோட சேத்து அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். "எம் புள்ளய சீருன்னு சொல்ற வூட்டுக்கு எம் பொண்ணு வராதுங்க. கேசரிய சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்றார் அம்மா. பிறகு வந்தவர்கள் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. கேட்காமலே போனார்கள்.

இரட்டை ஷிப்டு பார்த்துப் பார்த்து அப்பா ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாவு வீட்டிலேயே பேச்சு எழுந்தது. ராஜினாமா எழுதாத குற்றம்தான் குடும்பத்தைக் காவு வாங்குகிறது என்றார்கள். என் கல்யாணம் நின்றதற்கும் அதுவே காரணம். நிலம் போனதற்கும் அதுவே. நிலம் யாரிடம் போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். எங்கள் வீட்டில் பட்ட காலை மிதித்துவிட்டுப் போகவும் ஆட்கள் இருந்தார்கள்.

அம்மா அழுது நான் பார்த்தது ஒரு முறைதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் துணைக்குப் போயிருந்தார். இப்போது போடும் ஊசியில் அந்த மூளைக் காய்ச்சலின் ஒரு வகைக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, இலவசம்தான் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம், "சும்மா போடுறாங்களாம் பாப்பா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

கடைசி வருடங்களில் அம்மாவுக்கும் பிரஷர் வந்தது. தன் மாத்திரையை விட்டுவிட்டு அவன் மாத்திரையை வாங்கினார். ஒரு நாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். ராஜினாமா எழுதவா என்று கேட்டேன்.

"இல்ல. இன்னொரு பிராது கட்டணும். எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்."

கூட்டிக்கொண்டு போனேன். முதல் பிராதுக்கு ராஜினாமா எழுதாமல் இரண்டாவது கட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லி வைத்த முறை. அம்மா தாளையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "வா, போவலாம்" என்றார். பஸ்ஸில், "புள்ளய கேட்டு வாங்கிட்டு, நானே திருப்பி எடுத்துக்கன்னு எழுத கை வரல" என்றார்.

சென்ற ஆண்டு தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அம்மா விழுந்தார். நான் கடையில் இருந்தேன். அவனுக்கு யாரையும் கூப்பிடத் தெரியாது. சாயங்காலம் நான் வந்தபோது, காய்ந்த சோப்பு நுரையோடு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கருமாதி அன்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். "அதுதான் பிடிவாதமா இருந்துட்டுப் போயிடுச்சி. நீயாவது அது பேருல ராஜினாமா எழுதிக் குடுத்துடு பாப்பா. குடும்பம் வெளங்கணும் இல்ல?"

"எழுதுறேன் மாமா. ஒரு வாரம் தம்பிய உங்க வூட்டுல வச்சிக்கங்க. நான் நிம்மதியா போயிட்டு வரேன்" என்றேன்.

கடைசி பஸ் போய்விடும் என்று மாமா கிளம்பினார். அவர் காரில் வந்திருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். காசு இல்லாத மாதங்களிலும் மாத்திரையை நிறுத்தாத மருந்துக்கடை அண்ணனுக்கு நன்றி. கோணிய புருவத்துக்கும் சில சமயம் கூலி போட்டுக் கொடுத்த கம்பெனி மேஸ்திரிக்கு நன்றி. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் இப்போது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி, அவருக்கும் வயதாகிறது. ஆலோசனை சொன்ன உறவினர் அனைவருக்கும் நன்றி. அதில் குறை வைக்கவே இல்லை நீங்கள்.

ராஜினாமா எப்போது எழுதப் போகிறாய் என்று இன்றைக்கும் கேட்பீர்கள். எழுத மாட்டேன். முதல் பிராதை முடித்துவிட்டால், அம்மா கட்டாமல் விட்ட இரண்டாவதைக் கட்ட வழி திறந்துவிடும். தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதாமல் எழுந்து வர அம்மாவால் முடிந்தது. என்னால் முடியாது, நான் எழுதிவிடுவேன்.